15 நிமிடத்தில் எந்தக் குறத்தி வருவாள்?

கேள்வி: நகரத்தில் நான்கு நாள் கலைவிழா நடந்தது. நாடகம், இசை, கூடவே 'சமூகப் பட்டறை' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் பொறாட்டு நாடகக் குழுவுக்கு முதல் நாள் மாலை 15 நிமிடம் கொடுத்தார்கள். நானும் என் மகளும் பட்டறையில் இரண்டு மணி நேரம் இருந்து சான்றிதழ் வாங்கிவந்தோம். நன்றாகத்தான் இருந்தது. நீங்களோ இந்த மாதிரி விழாக்களை எப்போதும் குறை சொல்லியே எழுதுகிறீர்கள். எல்லையில் கிடக்கிற தமிழ்க் கலைஞனுக்கு நகரத்து மேடை கிடைப்பது நல்லதுதானே? மலையாளிகள் பெரிய மனசோடு கொடுத்த இடத்தைத் தமிழ்ப் பத்திரிகையே கெடுக்கலாமா?
— பெயர் போட வேண்டாம் என்று கேட்ட வாசகி, வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்

பதில்: மேடை கிடைத்தது நல்லதுதான் அம்மா. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 15 நிமிடம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சண்டை அங்கே ஆரம்பிக்கிறது.

பொறாட்டு உங்கள் ஊர்க் கலை. உங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் இந்தப் பக்கத்தைத் திருச்சியிலும் நாகர்கோவிலிலும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலிலோ கோயில் முற்றத்திலோ நாலு கால் நட்டுப் பந்தல் போட்டு விடிய விடிய ஆடுவது. வண்ணான், வண்ணாத்தி, குறவன், குறத்தி என்று வேஷங்கள் ஒவ்வொன்றாக வரும். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவது வழக்கம். வருகிற ஒவ்வொரு வேஷத்தையும் ஒருவன் வழிமறிப்பான். அவனுக்குச் சோத்தியக்காரன் என்று பெயர், கேள்வி கேட்கிறவன். எந்த ஊர், என்ன சோலி, யாரைத் தேடி, புருஷன் எங்கே என்று பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் குடைவான். வேஷக்காரர் பாட்டாக ஒரு பதில் சொல்வார், பேச்சில் ஒரு பதில் சொல்வார், இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும். சிரிப்பு அந்த இடிப்பில்தான் இருக்கிறது, ஊர் வம்பும் சாதித் திமிரும் வெளுப்பதும் அங்கேதான்.

அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன், நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போதாது என்று ஏற்பாட்டாளர்கள் முதலில் வெட்டியது சோத்தியக்காரனை. வண்ணான், வண்ணாத்தி ஆட்டம் ஒன்று, குறத்தி ஆட்டம் ஒன்று, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கும்பிடு, முடிந்தது. கேள்வி போய்விட்டால் பொறாட்டில் மிச்சமிருப்பது சேலை கட்டிய இரண்டு ஆண்கள் சுற்றிவருவதுதான். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே 'கலர்ஃபுல்' என்றார். குழுவின் பெரியவரைப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை, சிரித்தார். "எங்க கொறத்தி வாரதே கோழி கூப்புடற நேரத்துலதானுங்க. கால்மணி நேரத்துல எந்தக் கொறத்தீங்க வருவா?"

அதே விழாவில் மறுநாள் கச்சேரிக்கு இரண்டரை மணி நேரம். கொடுக்க வேண்டியதுதான். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாவட்டம் இது, பாலக்காடு என்ற ஊர்ப் பெயரை மணி ஐயர் மிருதங்கத்தோடு உலகமெல்லாம் கொண்டுபோன மாவட்டம். தனி ஆவர்த்தனத்தை மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று எந்த வித்வானிடமாவது சொல்லிப் பார்க்கட்டும், சபையே எழுந்து நிற்கும். சோத்தியக்காரனை வெட்டியபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் நீங்களே கேட்பீர்கள்.

இனி உங்கள் பட்டறை. நீங்களும் மகளும் உட்கார்ந்திருந்த அதே கூடத்தின் பின்சுவர் ஓரம் அந்தப் பெரியவரும் இருந்தார், கவனித்தீர்களோ என்னவோ. ஊருக்குத் திரும்ப வேன் வரவில்லை, காத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து ஏழு எண்ணிக்கையில் கைதட்டச் சொல்லிக்கொடுத்தார். நல்ல பிள்ளை, உற்சாகமானவர். "தாத்தா, நீங்களும் வாங்க, கூச்சப்படாதீங்க" என்று பெரியவரையும் கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் சேர்த்தார். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் பெரியவரின் விரல்கள் என்ன தட்டிக்கொண்டிருந்தன என்று பயிற்சியாளர் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க இலைத்தாளம் என்ற கைத்தாளத்துக்கு ஆடுகிற மனிதர், சொல்லிக்கொடுத்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று பணிவாகத் தட்டினார். கடைசியில் அவருக்கும் ஒரு சான்றிதழ். பங்கேற்பாளராம்.

என் புகார் மொத்தமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எல்லை ஊர்க்காரன் ஆடிக் காட்டலாம், அல்லது உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்கிற நாற்காலி மட்டும் அவனுக்குக் கிடையாது. ஆடினால் குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை, அதில் வேன் வாடகை போக மீதியைத் தலைக்குத் தலை பங்கு போட வேண்டும். சொல்லிக்கொடுத்தால் அது மதிப்பூதியம், ஒருவர் பெயருக்கே கவர் வரும். 'சமூகப் பட்டறை' என்ற பெயர் வேறு. பொறாட்டை வழிவழியாக ஆடிவருபவர்கள் பாணர் சாதியினர். நம் ஊர்களில் சமூகம் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதும், யார் கற்பிப்பது யார் கும்பிடுவது என்பதை அது தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது என்பதும் விழாக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. உங்கள் மகள் சிரித்தாள், நானும் பார்த்தேன். ஆனால் பட்டறை என்ற சொல்லுக்குத் தமிழ் நாடகத்தில் கொஞ்சம் கனமுண்டு. 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளி நடத்திய முகாம் 70 நாள். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறைக்குப் போய்வந்தவர்கள் தமிழ்நாட்டில் வீதி நாடகத்தையே திருப்பிவிட்டார்கள். அங்கே சான்றிதழ் கொடுத்தார்களா என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

'மலையாளிகள் கொடுத்த இடம்' என்கிறீர்கள். இந்தப் பேச்சை விடுங்கள். பாரதப்புழைக் கரையோரக் காளி கோயில்களில் கூத்துமாடம் என்று தனியே ஒரு கட்டடம் இருக்கும். அதில் திரைக்குப் பின்னால் 21 விளக்கு ஏற்றி, தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். பாடுவது கம்பன் பாட்டு. வீட்டில் மலையாளம் பேசுகிற புலவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பனை நெட்டுருப் போட்டு, பாட்டுக்குப் பாட்டு வியாக்கியானம் சொல்லி வந்திருக்கிறார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் இராவண வதத்தைப் பார்க்கத் தவறிய காளிக்காக ஆடுவதாம். முன்னால் ஒரு ஆள் உட்காராவிட்டாலும் கூத்து நிற்காது, பார்க்க அம்மை இருக்கிறாள். அந்த மரபில் வந்த ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கம்பனை இப்படிக் காப்பாற்றி வைத்திருப்பவர்களிடம் போய் நாம் மொழிக் கணக்கு தீர்க்க முடியாது. பாலக்காட்டுச் சித்தூரில் நடக்கிற கொங்கன்படைத் திருவிழாவில் வருஷாவருஷம் தோற்று ஓடுகிறவன் நம் கொங்கு நாட்டு ராஜா. நாமும்தான் குடும்பத்தோடு போய்ப் பார்த்து, பொரி வாங்கித் தின்றுவிட்டு வருகிறோம். இந்த விழா கோயம்புத்தூரில் நடந்திருந்தாலும் பெரியவருக்கு அதே 15 நிமிடம்தான் கிடைத்திருக்கும். சந்தேகமே வேண்டாம்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி நோட்டீஸ் என் மேசையில் இருக்கிறது. ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இன்னிசைக் கச்சேரி, சினிமாப் பாட்டு. பொறாட்டு எங்கே என்று தேடினேன். மாலை ஐந்தரைக்கு, அன்னதானத்துக்கு முன்னால், 'பாரம்பரியக் கலை நிகழ்ச்சி' என்று ஒரு வரி. குழுவின் பெயர்கூட இல்லை. நகரத்துக்காரர் விடிய விடிய நடந்த பொறாட்டைப் பார்த்ததில்லை, வெட்டினார். நீங்கள் பார்த்தவர்கள். உங்கள் கமிட்டி வெட்டியதற்கு எந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினீர்கள்?

அடுத்த வருஷம் விழாக்காரர்கள் என்னைக் கேட்டால் (கேட்க மாட்டார்கள்) சொல்வதற்கு இருப்பது கொஞ்சம்தான். பட்டறையை வேலந்தாவளத்தில் வையுங்கள். நகரத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வரட்டும், நம்மவர்கள் போகிற அதே பஸ்தான். இரண்டு மணி நேரம் போதாது, பத்து சாயங்காலமாவது வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் சோத்தியக்காரர். மதிப்பூதியம் அவர் பெயரில். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அந்த மாணவர்கள் நாலு பேர் கேள்வியையும் பதிலையும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும், ஏனென்றால் பாட்டு பலருக்குத் தெரிகிறது, கேள்விகள் முழுசாக அந்த ஒருவரிடம்தான் இருக்கின்றன.

விழா வரும் வரை உங்கள் மகள் காத்திருக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளை சோத்தியக்காரன் வேஷம் கட்டி நான் பார்த்ததில்லை. அந்தச் சோத்தியக்காரரிடமே கேட்டேன். "கேக்கறதுக்கு நாக்கு இருந்தாப் போதுமுங்க" என்றார். காலையில் தோப்புக்குத் தேங்காய் உரிக்கப் போய்விடுவாராம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் வீட்டில் இருப்பார்.