83 மடங்கு ஜூமா, பெரிய சென்சாரா?

தம்பி, ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் படமெடுக்க நிக்கான் பி950 கேமராவைப் புதிதாக வாங்குவதா, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 பழையதாகக் கிடைத்தால் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சோனி பக்கம்.

பி950-இன் 83 மடங்கு ஜூம், அதாவது 2000 மி.மீ. வரை நீளும் லென்ஸ், கடையில் மயக்கும். எதிர்க்கட்டடப் பெயர்ப்பலகையின் துருகூடத் தெரியும். ஆனால் குளத்தில் வெயில் ஏறிக் கானல் எழுந்துவிட்டால், அந்தத் தூரத்தில் கூழைக்கடா நெளிகிறது. எந்த லென்ஸாலும் அதை நிமிர்த்த முடியாது. எனவே படமெடுக்க விடியல்தான் நேரம். அப்போதோ வெளிச்சம் போதாது. நிக்கான் முழு ஜூமில் எஃப்6.5, சோனி தன் முழு ஜூமான 600 மி.மீ.யில் எஃப்4; இந்த எண் குறையக் குறைய லென்ஸ் வழியே வெளிச்சம் கூடுதலாக வரும். ஒளியைப் படமாக்கும் சென்சாரின் பரப்பும் சோனியில் ஏறக்குறைய 4 மடங்கு. நண்பரின் பி950-ஐ இரவல் வாங்கி மார்கழிக் காலையில் நத்தைகுத்தி நாரையை எடுத்தேன். கழுத்து இறகெல்லாம் ஈரத்துணியால் துடைத்த சுண்ணாம்பு போல இழுபட்டிருந்தது.

நிலாவும், ஆழியாறு மலைப்பாதையில் தொலைவுப் பாறைமேல் நிற்கும் வரையாடும்தான் ஆசை என்றால் நிக்கானே சரி.

பழைய சோனியை வாங்குமுன் ஜூமை முழுதாக நீட்டி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் லென்ஸ் துளையை) குறுக்கி, வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் வேண்டாம். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் உள்ளே போன தூசியை நாமே துடைக்க வழியில்லை. இரண்டுமே 1 கிலோவுக்கு மேல். பட்டையைக் கழுத்தில் மாட்டாமல் தோளில் குறுக்காகப் போடுங்கள்.