மருத்துவர் பதில்கள்: பித்த நாளத்தைத் தைத்த பிறகும் குழாய் எதற்கு?

கேள்வி: பித்த நாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்ததால், என் அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து கல்லை எடுத்தார்கள். நாளத்துக்குள் ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைத்து, அதன் மறுமுனையை வலப்புறமாக வெளியே கொண்டுவந்து பையுடன் இணைத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் குழாய்வழியே மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கல் மிச்சமில்லை என்று சொல்லியும் குழாயை இன்னும் எடுக்கவில்லை. சென்ற ஆண்டு இதே சிக்கலுக்கு லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட பெரியம்மாவுக்குக் குழாயே வைக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தது பழைய முறையா? அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயே தீருவேன் என்கிறார், போகலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பழைய முறைதான் அம்மா, ஆனால் தவறான முறை அன்று.

கல்லை எடுப்பதற்காக நாளத்தின் முன்பக்கத்தில் நெடுக்காக ஒரு கீறல் போடுவோம். நாளத்துக்கு இரத்தம் தரும் நுண்குழாய்கள் பெரும்பாலும் அதன் இரு பக்கவாட்டிலும் ஓடுவதால், அவற்றைக் காக்கவே இந்த ஏற்பாடு. கல்லும் கருவிகளும் உரசியதில், சிறுகுடலுக்குள் திறக்கும் நாளத்தின் கீழ்வாய் சில நாள் வீங்கியிருக்கக்கூடும். கல்லீரலோ நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். வழி அடைபட்டு நீர் தேங்கினால் புதுத் தையல் கசியும். அந்த அச்சத்துக்கு, ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் கேர் நூறாண்டுக்கும் முன்பே கண்ட தீர்வுதான் ஆங்கில 'T' எழுத்து வடிவிலான இந்தக் குழாய். அதன் குறுக்குக் கை நாளத்துக்குள் மேலும் கீழுமாகக் கிடக்க, நீண்ட கால் வெளியே வந்து அழுத்தத்தைத் தணிக்கும். கல் ஏதேனும் தங்கிவிட்டால், பின்னர் அந்த வழியாகவே அதை எடுக்கவும் முடியும்.

நாளத்துக்குள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய கேமரா வந்த பிறகு, கல் மிச்சமில்லை என்பதை அறுவையின்போதே உறுதிசெய்ய முடிகிறது. நாளம் போதிய அகலமுடையதாகவும் கீழ்வாய் தடையின்றியும் இருந்தால், கீறலை நேரடியாகத் தைத்து மூடிவிடலாம். பெரியம்மாவுக்கு அவ்வாறு செய்திருப்பார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வுகள் 2013ஆம் ஆண்டு வெளியாகி, குழாய் வைப்பதால் அறுவை நேரமும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் கூடுகின்றனவே தவிர, தனி நன்மைக்குச் சான்று இல்லை என்றன. அவை அலசிய ஆய்வுகள் சிறியவை என்றாலும், நாளம் சுத்தமாக இருக்கும்போது நானும் குழாயைத் தவிர்க்கும் பக்கமே. சிலர் உள்ளே ஸ்டென்ட் என்னும் சிறு குழலை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் எடுப்பார்கள். நாளம் மிகவும் விரிந்து கற்கள் நிறைந்திருந்தால் அதைச் சிறுகுடலோடு இணைப்பதும் உண்டு. ஆனால் நாளத்தில் சீழ் பிடித்திருந்தாலோ, கல் முழுவதும் வந்ததா என்ற ஐயம் இருந்தாலோ, கீழ்வாய் நன்றாக வீங்கியிருந்தாலோ குழாய் வைப்பதே பாதுகாப்பு. வயிற்றைத் திறந்து கண்ணால் கண்டவரின் முடிவை, காணாத நான் இங்கிருந்து குறை சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரே நன்றாக இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். லேடெக்ஸ் ரப்பரை உடலுக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பிடிக்காமையே இங்கே நமக்கு உதவி. அது உண்டாக்கும் எரிச்சலால் குழாயைச் சுற்றித் நார்த்திசு உறை ஒன்று படர்ந்து, நாளத்திலிருந்து தோல்வரை மூடிய வழியாக இறுகுகிறது. அது இறுகிய பின் குழாயை உருவினால், கசியும் சிறிதளவு பித்தநீர் வெளியே வந்து ஓரிரு நாளில் நின்றுவிடும். இறுகுமுன் உருவினால் வயிற்றறைக்குள் கொட்டி ஆபத்தாகும். பொதுவாக இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். சர்க்கரை நோயாளிக்கு இன்னும் சில நாள் கூட்டியே காத்திருப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

கோயிலுக்கு, அவருடைய மருத்துவர் இசைந்தால், நெரிசல் இல்லாத வேளையில் போய் அம்மனைத் தரிசித்து வரட்டும். பால்குடமும் தீமிதியும் இந்த ஆண்டு வேண்டாம். குழாயைத் தோலோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பையை இடுப்புக்குக் கீழே தொங்கும்படி சேலைக்குள் வையுங்கள். ஒருவர் கை பட்டு இழுத்தாலே குழாய் நழுவிவிடும். பையில் சேரும் அளவு நாளுக்கு நாள் குறைந்து, மலம் பழைய நிறத்துக்குத் திரும்பினால் பித்தநீர் குடலுக்குள் இறங்குகிறது என்று பொருள். அளவு திடீரென நின்று வலியோ காய்ச்சலோ மஞ்சளோ கண்டால், விழா நாளாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நாளத்தைத் தைத்த நூல் உள்ளேயே இருந்து மீண்டும் கல்லை உண்டாக்காதா?
- ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கரையாத நூலாக இருந்தால் உண்டாக்கக்கூடும். பட்டு நூலைச் சுற்றிப் பித்தநீரின் உப்புகள் படிந்து கல்லானதை முன்பு கண்டிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது தானே கரையும் மெல்லிய நூலால் தைக்கிறோம். அவற்றுள் பாலிகிளாக்டின் இரண்டு மாதங்களுக்குச் சற்று மேலும், பாலிடயாக்ஸனோன் ஆறேழு மாதங்களும் எடுத்து முற்றிலும் கரைந்துவிடும்.