அகஸ்டாவின் 12-வது குழி: கொடியைப் பார்த்து அடிக்காதீர்கள்

கே: மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அகஸ்டாவில் 12-வது குழி வெறும் 155 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. பெரிய ஆட்டக்காரர்கள்கூட ஏன் தண்ணீரில் போடுகிறார்கள்?

ப: தூரத்தை விடுங்கள், கிரீன் (கொடியும் குழியும் இருக்கும் புல்தரை) கிடக்கும் கோணத்தைப் பாருங்கள். இடது பக்கம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, வலது பக்கம் தள்ளிப் போகிறது, முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் இடமோ ரொம்பக் கம்மி. வலது கைக்காரர் அடி சரியாகப் படாமல் பந்தை வலப்பக்கம் விட்டால் அது தூரமும் குறைந்து போகும், கிரீன் தள்ளி இருப்பதும் அதே பக்கம்தான் என்பதால் நேராக ரேஸ் கிரீக் ஓடைக்குள் விழும். இடப்பக்கம் இழுத்துவிட்டால் தூரம் கூடிப்போய்ப் பின்னால் இருக்கும் பங்கர், அதாவது மணல் பள்ளம். இரண்டு பக்கமும் அடி!

கே: கடைசி நாள் கொடி வலது ஓரத்தில் இருக்குமே, எங்கே குறி வைப்பது?

ப: முன்னால் இருக்கும் பங்கருக்கு நேர் மேலே, எந்த நாளானாலும் அங்கேதான். 2019 கடைசிச் சுற்றில் மோலினாரி, கெப்கா, ஃபினாவ், பூல்டர் நாலு பேரும் ஓடையில் போட்டார்கள். டைகர் உட்ஸ் கொடிக்கு நன்றாக இடப்பக்கம் அடித்து, இரண்டு பட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) பார் எடுத்துக்கொண்டு நடந்தார், பட்டமும் அவருக்குத்தான். இந்தக் குழியில் பார் என்பது சம்பாத்தியம், அதை மனதார நம்புங்கள்.

கே: காற்று மாறிக்கொண்டே இருந்தால்?

ப: பக்கத்திலுள்ள 11-வது கிரீன் கொடியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பக்கம் ஆடினால் கொஞ்சம் பொறுங்கள். எந்த மட்டை, எட்டா ஒன்பதா என்று குழம்பினால் அதிக தூரம் போகும் எட்டு அயர்ன்.

கே: பந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அப்புறம்?

ப: ஒரு அடி தண்டனை, அதோடு கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். 2016-ல் முன்னணியில் இருந்த ஜோர்டான் ஸ்பீத் டிராப் செய்து (பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு) அடித்த அடுத்த பந்தையும் ஓடையில் போட்டு 7 அடி எடுத்தார். உங்களுக்கு முழு ஸ்விங் கைகொடுக்கும் தூரத்துக்குப் பின்னால் போய் டிராப் செய்யுங்கள், அங்கிருந்தும் கிரீனின் நடுவுக்குத்தான் அடிக்க வேண்டும். போன அடியை அங்கேயே மீட்கப் பார்த்தால் இன்னும் இரண்டு போகும்.

கே: நான் இடது கை ஆட்டக்காரன். எனக்கும் இதேதானா?

ப: உங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. நீங்கள் குறைவாக அடித்தால் பந்து இடப்பக்கம் போகும், இழுத்தால் வலப்பக்கம் நீளமாகப் போகும், கிரீனும் அதே சாய்வில்தான் கிடக்கிறது. 2004 கடைசிச் சுற்றில் இடது கை ஆட்டக்காரர் மிக்கல்சன் இங்கே பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) எடுத்துத்தான் வேகம் பிடித்தார். அந்த வலது கொடியைக் குறி வைக்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது, காற்று அடங்கியிருந்தால்.