50 சுருட்டுகள் வைக்க ஒரு மர ஹியூமிடார் (சுருட்டு காயாமல் ஈரப்பதத்தைக் காக்கும் பெட்டி) நானே வடிவமைக்கிறேன். 18 மில்லிமீட்டர் கனத்தில் முழு மரமாகச் செய்து, உள்ளேயும் வார்னிஷ் அடித்தால் ஈரம் வெளியேறாமல் இருக்கும்தானே?

இருக்காது. வார்னிஷ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் வடிவமைப்பில், அதாவது முழு மரத்தில், இருக்கும் பெரிய சிக்கலைப் பார்ப்போம். மரவேலை ஓரளவு தெரிந்தவர், ஆனால் இந்த வகைப் பெட்டியை முதல்முறை செய்பவர் என்று உங்களை எடுத்துக்கொள்கிறேன். (சுருட்டு பிடிக்கலாமா என்று இங்கே விவாதிக்கவில்லை. கேட்டது பெட்டி, பதிலும் பெட்டிக்குத்தான்.)

மற்ற மரப்பெட்டிகளில் பலகையின் இரு பக்கமும் ஒரே காற்றில் இருக்கும். ஹியூமிடாரில் உள்பக்கம் 65 முதல் 72 சதவீத ஈரப்பதம், வெளியே அறையில் என்ன உண்டோ அது. மரம் அறை வெப்பத்தில் 50 சதவீத ஈரக்காற்றில் இருந்தால் அதன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். 70 சதவீதத்தில் 13 வரை போகும். இந்த 4 சதவீத வித்தியாசத்தில், ரேகைக்கு (மர இழை ஓடும் திசைக்கு) குறுக்கே 200 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்பானிஷ் செடார் பலகை ஒன்றரை மில்லிமீட்டர் வரை உப்பும். ரேகையோடு நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. மூடி வளைவது, மூலை பிரிவது, மூடி இறுகுவது எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. முழு மரத்தில் அகலமான மேல்மூடி போட்டால் ஒரே பருவத்தில் வளைந்துவிடும்.

எனவே வெளிக்கூட்டின் நான்கு சுவர்கள் முழு மரமாக இருக்கட்டும், 12 முதல் 15 மில்லிமீட்டர் போதும். மேல்மூடிக்கும் அடிப்பலகைக்கும் மட்டும் 12 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுத்து, இரண்டு முகத்திலும் வெனீர் எனும் மெல்லிய மரத்தாளை ஒட்டுங்கள். பார்க்கும் முகத்தில் மட்டும் ஒட்டினால் இழுவை ஒரு பக்கமாகி அதுவும் வளையும். "பிளைவுட் போட்டால் அது கைவேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில், ஐந்து வருடம் கழித்து அந்த மூடி எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

வெளிக்கூட்டின் உட்புறத்தில் பதிக்கும் உள்பலகைக்கு ஸ்பானிஷ் செடார், 6 மில்லிமீட்டர். பெயரில்தான் செடார். இது செத்ரெலா ஓடொராட்டா, வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். ஈரத்தை வேகமாக வாங்கி வேகமாகக் கொடுக்கும், எளிதில் பூஞ்சை பிடிக்காது, வாசனை புகையிலையோடு ஒத்துப்போகும். அந்த வாசனை வேண்டாம் என்றால் ஹோண்டுராஸ் மகோகனி. சிவப்பாக, மணமாக இருக்கும் எதையும் "செடார்" என்று விற்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். துணி அலமாரிக்குப் போடும் மணச் செடார் உண்மையில் ஜூனிபெரஸ் வர்ஜினியானா. அதன் எண்ணெய் வாசனை சுருட்டில் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது. வாங்கும்போது தாவரவியல் பெயரைக் கேளுங்கள். செத்ரெலா 2020 ஆகஸ்ட் முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டி வந்த மரத்துக்குக் காகிதம் இருந்தாக வேண்டும். சூளையில் உலர்த்தியதாகவும் பாருங்கள். சரியாக உலராத பலகையில் பிசின் துளித்துளியாகக் கசிந்து சுருட்டில் ஒட்டும். கசிந்தால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாள் போட்டு, வாசனை அடங்கும்வரை சில நாள் திறந்து வையுங்கள்.

அளவை உள்ளிருந்து வெளியே கணக்கிடுங்கள். விற்கப்படும் வரைபடங்கள் பலவற்றில் வெளி அளவு மட்டுமே இருக்கிறது, அது எதற்கும் உதவாது. சுருட்டின் பருமன் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்காகச் சொல்லப்படும். 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். நீளமானது 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். உள் அளவு 250 × 200 × 105 மில்லிமீட்டர் வைத்தால், வரிசைக்கு 12 வீதம் நான்கு அடுக்கு, 48 சுருட்டு. மேலே 25 மில்லிமீட்டர் காற்றும் ஈரப் பொதியும் (ஈரப்பதத்தை ஒரே அளவில் வைக்கும் சிறு பை) இருக்க இடம் மிஞ்சும். இரண்டு சுருட்டு கூடுதலாக வேண்டுமென்று அந்த இடத்தைத் தின்னாதீர்கள். காற்று சுற்றாவிட்டால் அடியில் ஓர் ஈரம், மேலே ஓர் ஈரம். பெட்டிக்குள் சுருட்டு அடுக்க மேல்தட்டு போடுவதானால் அதன் அடியில் பட்டைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தட்டின் அகலத்தை உள் அகலத்தைவிட 3 மில்லிமீட்டர் குறையுங்கள். ஈரத்தில் உப்பி மாட்டிக்கொண்ட தட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான இடம், உதடு. சுவர்களின் உள்பலகை, பெட்டியின் வாய் விளிம்புக்கு மேல் 6 மில்லிமீட்டர் நீட்டி நிற்க வேண்டும். மூடி இறங்கும்போது இந்த உதடு மூடிச் சுவரின் உட்புறத்தை ஒட்டி உட்காரும். காற்றை அடைப்பது இதுதான், ரப்பர் பட்டை அல்ல. ரப்பரின் நாற்றம் சுருட்டில் ஏறும். உள்பலகையின் ரேகை படுக்கையாக ஓடுவதால் அது உயரத்தில்தான் உப்பும்: 100 மில்லிமீட்டருக்கு 0.8 வரை. அதனால் உதட்டின் உச்சிக்கும் மூடியின் உள்பலகைக்கும் நடுவில் 1 மில்லிமீட்டர் விடுங்கள். விடாமல் துல்லியமாகச் செய்தால், ஈரம் ஏறிய பிறகு உதடே மூடியைத் தூக்கி நிறுத்தும். செய்த அன்று கச்சிதமாக மூடி, ஒரு மாதத்தில் வாய் பிளக்கும் பெட்டிகளுக்கு இது ஒரு காரணம். முன்பக்க உதட்டின் வெளி விளிம்பை லேசாகச் சாய்த்து இழைத்துவிடுங்கள், மூடி எழும்போது வளைவாகப் பின்னோக்கி வருவதால் அங்கேதான் உரசும்.

சுவர்களின் உள்பலகையை ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும்படி வெட்டி, பசை இல்லாமல் நிறுத்தலாம். அடியில் போடுவதற்கு ரேகைக்குக் குறுக்கே இரு ஓரமும் 1 மில்லிமீட்டர் விட்டு மிதக்க விடுங்கள். மூடியின் உள்பலகையை முழுக்கப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அது உப்பும், மேலே உள்ள பிளைவுட் உப்பாது, மூடியின் மூலைகள் மேல்நோக்கி எழும்பிவிடும். நடுவில் ஒரு கோடு பசை போதும்.

மூடியைத் தனியாகச் செய்யாமல், மூடிய பெட்டியாகவே ஒட்டி, பிறகு மேலிருந்து 30 மில்லிமீட்டரில் ரம்பத்தால் அறுத்துப் பிரியுங்கள். ரேகை தொடர்ச்சியாக இருக்கும், இரண்டு வாயும் ஒன்றுக்கொன்று பொருந்தும். முதலில் எதிரெதிர் இரு பக்கங்களை அறுத்து, வெட்டின் கனத்துக்கு மெல்லிய பட்டைகளைச் செருகிக் கட்டிவிட்டு, மற்ற இரண்டை அறுங்கள். இல்லாவிட்டால் கடைசி வெட்டில் மூடி சரிந்து ரம்பத்தைக் கவ்வும். பிறகு தட்டையான கண்ணாடி மேல் 150 உப்புத்தாளை ஒட்டி, இரண்டு வாயையும் அதன் மேல் தேயுங்கள். உள்பலகையை இதற்குப் பிறகே பொருத்த வேண்டும்.

கீல் குழியை ஆழமாக வெட்டினால் பின்பக்கம் முட்டி முன்பக்கம் திறந்து நிற்கும். கீலுக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். பித்தளைத் திருகு எளிதில் முறியும், துளையிட்டு முதலில் அதே அளவு இரும்புத் திருகை ஏற்றி எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். மூடி 95 டிகிரியில் நிற்கும் கீல் வாங்குங்கள். பூட்டுக்கும் முன்பக்கத்தில் பதிக்கும் முள் ஈரமானிக்கும் ஓட்டை போடாதீர்கள், ஒவ்வோர் ஓட்டையும் கசிவு.

வார்னிஷ் உள்ளே கூடவே கூடாது. உள்பலகை ஈரத்தைச் சேமித்து மெதுவாக விடும் கிடங்கு, அதன் மேல் பூச்சு போட்டால் வெறும் டப்பா. போதாததற்குக் கரைப்பான் வாசனை மாதக்கணக்கில் நிற்கும். வெளியே ஷெல்லாக் அல்லது லாக்கர், அடிப்பாகம் உட்பட எல்லா முகத்துக்கும்.

முடிந்ததும் இருட்டறையில் உள்ளே ஒரு சிறு மின்விளக்கை எரியவிட்டு மூடிப் பாருங்கள், வெளிச்சக் கோடு தெரியும் இடம் கசியும் இடம். காகிதக் கீற்றைப் பெட்டியின் வாய் விளிம்பில் வைத்து மூடி இழுத்தால் சுற்றிலும் ஒரே பிடி இருக்க வேண்டும்.

இந்த அளவுப் பெட்டியின் உள்பலகை மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், 13 சதவீதத்துக்கு வர அதற்கு 20 கிராம் தண்ணீர் தேவை. நீங்கள் கொடுக்காவிட்டால் சுருட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்துப் பதப்படுத்தச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், ரேகை எழும்பி மெல்லிய பலகை வளையும். சுருட்டு வைக்கும் முன், 84 சதவீதப் பொவேடா (ஈரப் பொதி நிறுவனம்) பொதிகள் 60 கிராமில் இரண்டைக் காலிப் பெட்டியில் 14 நாள், திறக்காமல் வையுங்கள். பிறகு 65 அல்லது 69 சதவீதப் பொதிக்கு மாறுங்கள், 25 சுருட்டுக்கு 60 கிராமில் ஒன்று. ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் அளக்கும் கருவி) நம்பும் முன், அதை ஈரமாகக் குழைத்த சமையல் உப்போடு காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும், வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை 18 முதல் 21 டிகிரி செல்சியஸில் வையுங்கள். 24-ஐத் தாண்டினால் சுருட்டுக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியும் ஆபத்து கூடும். செடார் வாசனை அதைத் தடுக்காது. சுருட்டில் வண்டு துளைத்த ஊசித்துளை ஒன்று கண்டாலும் எல்லாச் சுருட்டையும் பையில் அடைத்து மூன்று நாள் உறைபெட்டியில், பிறகு ஒரு நாள் குளிர்பெட்டியில், அதன் பின்பே வெளியில். அந்த இடைவேளையில் காலிப் பெட்டியின் மூலைகளில் சேர்ந்த தூளைத் தட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.