மடியில் கனம் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,
காரைக்குடியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். இணையத்தில் ஆளடையாளத்தை மறைக்கும் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில், “மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?” என்கிறார்கள். இதை நம்பி வாழ்நாளைச் செலவிடலாமா?

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பழமொழியில் மடியில் கனம் வைத்திருந்தவன் திருடன் இல்லையே, உழைத்துச் சேர்த்ததை முடிந்துகொண்டு ஊர் திரும்பியவன். திருடன் வழியில் நின்றான். பர்மாவில் சம்பாதித்ததைப் பெட்டகத்தில் பூட்டி, சாவியை ஆச்சியின் இடுப்பில் செருகிய ஊர் நம்முடையது.

நீ ஆசைப்படும் இந்தத் துறையின் முன்னோடி டேவிட் சாம், 1981இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உன்னைப் போல மாணவர்தான். மின்னஞ்சலைப் பூட்டினாலும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியும், அதுவே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதும் என்று அப்போதே கண்டு, அதைத் தடுக்க வழியும் எழுதினார். அப்புறம், யார் செலவழித்தார் என்று தெரியாத மின்பணத்துக்கும் வழி கண்டார். கார்பன் தாள் வைத்த உறைக்குள் சீட்டைப் போட்டு ஒட்டிவிடு. வங்கி உறைமேல் கையெழுத்துப் போட்டால் உள்ளே சீட்டிலும் பதியும். சீட்டு செல்லும், ஆனால் அது யார் கொண்டுவந்த உறைக்குள் இருந்தது என்று வங்கிக்கே தெரியாது! இதைக் கணக்காக மாற்றிக் காட்டியவர் அவர். அதை வைத்துத் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் நொடித்துப்போனது. யோசனை நொடிக்கவில்லை.

1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பால் சைவர்சனும் கூட்டாளிகளும் வெங்காயத் தோல் போல மறையாக்கத்தை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவதை) அடுக்கும் முறையை உருவாக்கினார்கள். பிறகு ராஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் இருவரும் சேர, இணையத்தில் ஆளடையாளத்தை மறைக்கும் டார் (Tor) வலையமைப்பு 2002இல் வெளிவந்தது. தகவல் மூன்று கணினிகள் வழியாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனக்கு முந்தையதும் பிந்தையதும் மட்டுமே தெரியும். சரி, கடற்படை செய்ததை ஏன் ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள்? கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அதில் வருகிற எல்லோரும் கடற்படை என்று தெரிந்துவிடுமே. மத்தியான வெயிலில் நம் தெருவில் ஒருத்தர் முக்காடு போட்டு நடந்தால் அத்தனை முகப்பிலிருந்தும் பார்ப்பார்கள். பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிக் காவடிக் கூட்டத்தில் யார் கண்டுபிடிப்பது?

கெட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் நுழைகிறார்கள், உண்மைதான். ஆனால் அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, போக இடம் தேடும் பெண்ணுக்கும், ஊழலை வெளியே சொல்ல நினைக்கும் குமாஸ்தாவுக்கும், மறைக்க எதுவுமில்லாத உன்னையும் என்னையும் போன்றவர்கள் உடன் நடந்தால்தான் மறைவு கிடைக்கும். இதை வீட்டில் சொல்லிப் பார்.

செலவிடலாம், தங்கச்சி. சாமின் 1981 கட்டுரை சில பக்கங்கள்தான், முதலில் அதைப் படி. புரியாத இடத்தைக் குறித்து எனக்கு எழுது.