மாண்டலின் வாங்குவது: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான்கு வருஷமாக அயர்லாந்தில், கார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். சின்ன வயதில் திருச்சியில் ஆறு வருஷம் வயலின் கற்றுக்கொண்டேன். கல்லூரிக்குப் போனதும் விட்டுப்போயிற்று. எங்கள் வார்டில் வேலை பார்க்கும் ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார். ஒரு திங்கட்கிழமை இரவு பப்பில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஐரிஷ் இசை வாசிக்கும் செஷனுக்கு என்னைக் கூட்டிப்போனார். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. இப்போது வாராவாரம் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன். நானும் வாசிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

வில் பிடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் மாண்டலின் வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் 600 யூரோ இருக்கிறது. கடையில் தோளில் சுருள் வைத்த மாடல் ஒன்றைக் காட்டி, பெரிய கலைஞர்கள் இதைத்தான் வைத்திருப்பார்கள் என்றார்கள். செஷனில் ஒருவர், மாண்டலின் யாருக்கும் கேட்காது, பாஞ்சோ வாங்கு என்கிறார். கம்பியிலோ லைட், மீடியம், பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கலம்) என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை வாங்குவது? மாண்டலினையும் நம் வயலினைப் போல ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொண்டால் எனக்குச் சுலபமாக இருக்குமா? நீங்கள் லிமரிக்கில் இருந்தபோது வாசித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த தைரியத்தில் கேட்கிறேன்.

க., கார்க்

*

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ச-ப-ச-ப வேண்டாம். மாண்டலினை ஜி, டி, ஏ, இ என்றே வையுங்கள். ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் அதற்குக் கீழே உள்ள ஜோடிக்குப் பஞ்சமம். செஷனில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஃபிடில்காரரின், அதாவது வயலின் வாசிப்பவரின், சுருதியும் இதுவேதான். அவர் எந்தக் கம்பியில் எந்த விரலை வைக்கிறார் என்று பார்த்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். ச-ப-ச-ப என்று சேர்த்தால் அந்த வசதி போய்விடும்.

உங்கள் ஆறு வருஷம் வீணாகவில்லை. திறந்த டி கம்பியை ஷட்ஜமாக வைத்து 0, 2, 4, 5 என்று ஃபிரெட்டுகளை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்; 0 என்றால் விரல் வைக்காமல்) பிடித்தால் சங்கராபரணத்தின் ச ரி க ம. அடுத்த ஏ கம்பியில் அதே 0, 2, 4, 5 பிடித்தால் ப த நி ச. ஐரிஷ் ட்யூன்களில் பெரும்பாலானவை டியிலும் ஜியிலும் இந்த ஸ்கேலில்தான் இருக்கின்றன. அவர்கள் மிக்ஸோலிடியன் என்று சொல்லும் ஸ்கேலின் ஸ்வரங்கள் ஹரிகாம்போஜி, டோரியன் என்பது கரஹரப்ரியா. கமகத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள், பாதி ட்யூன் தெரிந்த முகமாக இருக்கும். இ கம்பியின் ஏழாவது ஃபிரெட்டைத் தாண்டிப் போகும் ட்யூன் அபூர்வம். கை ஒரே இடத்தில் நிற்கும்.

சரி, எந்த மாண்டலின்?

மாண்டலின் என்றதும் நம் காதில் ஒலிப்பது உ. ஸ்ரீநிவாஸ். அவர் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் போட்ட எலெக்ட்ரிக் மாண்டலின். இழுத்து, வழுக்கி, ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்த முடியும். செஷனில் ஆம்ப்ளிஃபையருக்கு இடமில்லை. நீங்கள் வாங்கப்போவது நான்கு ஜோடிக் கம்பி உள்ள அகூஸ்டிக் மாண்டலின். தட்டிய ஸ்வரம் அதில் சீக்கிரம் கரைந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் வடிவம், கம்பி, பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) எல்லாவற்றுக்கும் விடை தானாகக் கிடைக்கும்.

கெஷ் ஜிக் என்ற ட்யூனை நிச்சயம் கேட்டிருப்பீர்கள், எல்லாச் செஷனிலும் வரும். ஜியில் தொடங்கும், 6/8 தாளம். முதல் ஸ்வரமே மூன்று எண்ணிக்கை நிற்கும் ஜி. டி கம்பியில் ஐந்தாவது ஃபிரெட். ஃபிடில்காரர் அதை வில்லில் இழுத்து நிறுத்துவார், அல்லது விரலால் சுழற்றி ரோல் போடுவார். குழல்காரருக்கு மூச்சு இருக்கிறது. மாண்டலினில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் அங்கே ஒரு ஓட்டை விழும். அதை அடைக்க வழி இருக்கிறது. ஜி-ஏ-ஜி என்று உடைத்து வாசிக்கலாம். 'டரர்' என்று மூன்று சின்னத் தட்டாக ட்ரிப்லெட் போடலாம். கீழே திறந்த ஜி ஜோடியையும் சேர்த்துத் தட்டி அடியில் ஓட விடலாம். மூன்றாவது வழிக்கு வாத்தியம் ஒத்துழைக்க வேண்டும். தட்டிய பிறகும் ஒலி உருண்டு நிற்கிற மாண்டலின் வேண்டும்.

இதனால்தான் நான் முகப்பலகையில் முட்டை வடிவத் துளை உள்ள மாடலைச் சொல்கிறேன். கடையில் காட்டிய சுருள் மாடல், வயலினில் இருப்பது போல எஃப் துளை வைத்ததாகத்தான் இருந்திருக்கும். கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் 1922இல் கொண்டுவந்த எஃப்-5 என்ற மாடலின் வழி வந்தது அது. 1923இல் செய்த அப்படி ஒன்றை வைத்துக்கொண்டுதான் பில் மன்றோ அமெரிக்காவில் புளூகிராஸ் இசையை வளர்த்தார். அங்கே மாண்டலினுக்கு டிரம்மின் வேலையும் உண்டு. பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்த கார்டைப் பிடித்து 'சக்' என்று வெட்டி நிறுத்துவார்கள். முன்னால் பாய்ந்து சட்டென்று அடங்கும் ஒலி அதற்கு வேண்டும். எஃப் துளை அதைத் தரும். ஐரிஷ் செஷனில் அந்த வேலையே கிடையாது. நீங்கள் ட்யூனை வாசிக்கப்போகிறீர்கள், ஸ்வரம் ஸ்வரமாக, ஃபிடிலோடு கூடவே. எஃப் துளை வைத்துக்கொண்டு அருமையாக ஐரிஷ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பில்லை. ஆனால் முதல் வாத்தியத்துக்கு முட்டைத் துளையின் அடர்ந்த, உருண்டையான ஒலி துணை நிற்கும். தோளில் உள்ள சுருள் அழகுக்கு. அதைச் செதுக்கும் கூலி விலையில் ஏறும், ஒலியில் அதனால் ஒன்றும் ஏறாது. சுருள் இல்லாத ஏ மாடலே போதும்.

இன்னொரு வகை, முகப்பலகை தட்டையாக உள்ள மாண்டலின். இங்கிலாந்தின் வடக்கே ஸ்டெஃபான் சோபெல், டப்ளினில் ஜோ ஃபோலி போன்ற கைவினைஞர்கள் இந்த இசையை மனதில் வைத்து வாத்தியங்கள் செய்திருக்கிறார்கள். அவற்றின் விலை உங்கள் கணக்கைத் தாண்டும். தட்டை முகப்பில் விலை குறைந்தவையும் உண்டு, நன்றாகவே ஒலிக்கும். கிப்சனின் நூறு வருஷப் பழைய முட்டைத் துளை ஏ மாடல்கள் ஐரிஷ் வாசிப்பவர்களுக்கு உயிர். எதிர்காலத்தில் பார்க்கலாம். இப்போதைக்கு ஈஸ்ட்மன் எம்டி 304ஐத் தேடுங்கள். முட்டைத் துளை, சாலிட் மரம். யாராவது வாசித்துவிட்டு விற்பது கிடைத்தால் இன்னும் நல்லது, வாசித்து வாசித்து மரத்தின் ஒலி கொஞ்சம் திறந்திருக்கும். அது கிடைக்காவிட்டால் கென்டக்கி கேஎம் 150. எஃப் துளைதான், ஆனாலும் அந்த விலைக்கு நேர்மையான வாத்தியம்.

கடைக்குப் போனால் முதலில் துளையின் விளிம்பைப் பாருங்கள். முகப்பலகையின் ரேகைகள் விளிம்பில் இறங்கி உள்பக்கம் வரை தொடர்ந்தால் சாலிட் மரம். அடுக்கு அடுக்காக வேறு திசையில் கோடு தெரிந்தால் பிளைவுட், அதை வைத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டுத் தட்டுங்கள், மணி போல ஒலி வரும். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்திப் பிடித்துத் தட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். உங்கள் காதுக்கு இது ஒரு நொடி வேலை. விலகி இருந்தால் பயப்பட வேண்டாம். மாண்டலினில் குதிரை (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒட்டப்படுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நகர்த்திச் சரிசெய்யலாம். அதே இடத்தில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். அதிகம் இருந்தால் ஒரு ரீல் (வேகமான ஆட்ட ட்யூன்) முடிவதற்குள் இடது கை வலிக்கும்.

600 யூரோவையும் வாத்தியத்திலேயே கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் எடுத்துவைத்து, ஃபிரெட் வாத்தியம் தெரிந்த ஒருவரிடம் செட்டப் செய்துகொள்ளுங்கள். நட்டில் (கழுத்தின் உச்சியில் கம்பிகள் தங்கும் துண்டு) உள்ள பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பார், குதிரையின் அடியை முகப்பலகையின் வளைவுக்கு ஏற்றபடி தேய்ப்பார். சுமாரான மாண்டலின் நல்ல மாண்டலின் ஆவது பெரும்பாலும் அந்த மேஜையில்தான்.

இனி கம்பி. லிமரிக்கில் நான் முதலில் வாங்கியது பழைய பொருள் கடையில் கிடைத்த முதுகு உருண்ட நேப்பிள்ஸ் மாண்டலின், சுரைக்காயைப் பாதியாக வெட்டியது போல இருக்கும். ஒலி மெலிதாக இருந்தது. செஷனில் கேட்க வேண்டும் என்று மீடியம் செட் வாங்கிப் போட்டேன். மூன்றாவது வாரம் குதிரைக்குப் பக்கத்தில் முகப்பலகை குழிந்துவிட்டது. மீடியம் செட்டில் எட்டுக் கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு எழுபது கிலோவுக்கு மேல். அந்த வகை வாத்தியம் மிக மெல்லிய கம்பிக்காகச் செய்தது. ஒரு நல்ல பழைய வாத்தியத்தை என் கையாலேயே கெடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் உருண்ட முதுகு மாண்டலின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த இசைக்காக வாங்காதீர்கள். யாராவது சும்மா கொடுத்தால் அதற்கென்று உள்ள அல்ட்ரா லைட் செட் மட்டும் போடுங்கள்.

செட்டின் அட்டையில் எண்கள் இருக்கும், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கம்பியின் கனம். 10, 14, 24, 34 என்றால் லைட். 11, 15, 26, 40 என்றால் மீடியம். முட்டைத் துளைக்கும் தட்டை முகப்புக்கும் லைட்டில் தொடங்குங்கள். எஃப் துளை வாங்கினால் மீடியம் தாங்கும், ஒலியும் நிறையும். ஆனால் விரல் நுனி காய்க்கும் வரை லைட்டே இருக்கட்டும். ட்ரிப்லெட்டும் மெல்லிய கம்பியில் சுலபமாக வரும். கீழ் இரண்டு ஜோடிகளின் மேல் சுற்றிய உலோகத்தில்தான் வித்தியாசம். பாஸ்பர் பிரான்ஸ் கதகதப்பாக ஒலிக்கும், பளபளப்பும் சில வாரம் நிற்கும். 80/20 பிரான்ஸ் என்ற இன்னொரு கலவை முதல் வாரம் இன்னும் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் மங்கும். நான் பாஸ்பர் பிரான்ஸ் பக்கம். தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் செட்டும் உண்டு. தாமஸ்டிக் கம்பெனியுடையது பிரசித்தம். விலை கூடுதல், ரொம்ப நாள் உழைக்கும், விரல் உரசும் சத்தம் இல்லாமல் மிருதுவாக இருக்கும். ஒரு வருஷம் வாசித்த பிறகு போட்டுப் பாருங்கள், அப்போதுதான் வித்தியாசம் காதுக்குப் பிடிபடும்.

கம்பி மாற்றும்போது எட்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், குதிரை விழுந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வாங்கும்போது நுனியில் வளையம் உள்ளதா, குண்டு உள்ளதா என்று பாருங்கள். மாண்டலினுக்குப் பெரும்பாலும் வளையம்தான். கார்க்கின் ஈரக்காற்றில் மேல் கம்பிகள் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

பிக் முக்கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். புளூகிராஸ்காரர்களின் தடித்த பிக் ட்ரிப்லெட்டில் மாட்டிக்கொள்ளும்.

பாஞ்சோ வாங்கு என்றவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆறு ஃபிடில், இரண்டு அக்கார்டியன் உள்ள மேஜையில் மாண்டலின் வாசிப்பவருக்கே கேட்காது. டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா டெனர் பாஞ்சோவை மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி-டி-ஏ-இ என்று வைத்து வாசித்தார், அயர்லாந்தில் இன்று அதுதான் வழக்கம். மாண்டலினில் கற்ற விரல் அப்படியே அதற்குப் போகும். ஆனால் நைட் டியூட்டி முடிந்து வந்து பக்கத்து வீட்டுச் சுவருக்கு இந்தப் புறம் பயிற்சி செய்ய வேண்டியவர் நீங்கள். மாண்டலினில் தொடங்குங்கள். ஆண்டி இர்வைனின் மாண்டலினைக் கேளுங்கள். 1972இல் தொடங்கிய பிளாங்க்ஸ்டி குழுவில் அவருடைய மாண்டலினும் டோனல் லனியின் பஸூக்கியும் (நீண்ட கழுத்துள்ள கம்பி வாத்தியம்) பின்னிக்கொண்டு போகும். அந்த வாத்தியத்தால் என்ன முடியும் என்று தெரியும்.

கார்க்கில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கார்க் மாவட்டமும் பக்கத்துக் கெரி மாவட்டமும் சேரும் எல்லையில் ஸ்லீவ் லூக்ரா என்ற பகுதி இருக்கிறது. பாட்ரிக் ஓ'கீஃப் என்ற ஃபிடில் ஆசிரியர் 1963இல் இறக்கும்வரை அங்கே வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொடுத்தார். டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்ட் என்ற அண்ணனும் தங்கையும் அவரிடம் படித்தவர்கள்தான். அந்தப் பகுதியின் உயிர் போல்கா, ஸ்லைடு என்ற ஆட்ட ட்யூன்கள். போல்கா 2/4, ஸ்வரங்கள் குறைவு, தாளம் துள்ளும். மாண்டலினுக்கு ரீலைவிடப் போல்காதான் சீக்கிரம் உட்காரும். உங்கள் வார்டு நண்பரிடம் இரண்டு போல்கா கேளுங்கள். மெதுவாக வாசிக்கச் சொல்லி ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த திங்கட்கிழமை ஓரத்தில் உட்காராமல் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். மாண்டலினை மடியில் வைத்திருங்கள். அந்தப் போல்கா வரும்போது எடுத்தால் போதும்.