ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் 15 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டிராக்டர் இருக்கிறது. போன ஆடியில் நீலப் புகை வந்தது, ஆயிலும் குறைந்துகொண்டே போனது. பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே புகை. இப்போது சிலிண்டர் இருக்கும் பிளாக்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. பிளாக்கில் வெடிப்பு இல்லையென்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு படி தட்டும். மேல் ரிங் ஏறிப்போய்த் திரும்பும் இடம் அது. சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம், ஆயில் போய்ச் சேருவது குறைவு. அதனால் தேய்மானம் பெரும்பாலும் மேலே விழுகிறது. சேரன்மகாதேவியில் நான் பட்டறை போட்ட புதிதில், பிசான உழவு அவசரம் என்று ஒருவர் கேட்டதற்காக, இந்தப் படியைக் கவனிக்காமல் புது ரிங் போட்டுக் கொடுத்தேன். ரிங் படியில் இடித்து உடைந்து, சிலிண்டர் நெடுகக் கோடு விழுந்துவிட்டது. வயலில் தண்ணீர் நிற்க, வண்டியோடு அவர் வாசலில் நின்ற முகம் இன்றும் மறக்கவில்லை. அதன்பின் அளக்காமல் நான் எதையும் மாட்டியதில்லை.

நீங்களே அளக்கலாம். ஒரு புது ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் போய் உரசாத அடிப்பகுதியில் நிறுத்துங்கள். அதன் வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். பிறகு படிக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். கீழே 0.40 மில்லிமீட்டர், மேலே 1.35 என்று வந்தால் வித்தியாசம் 0.95. அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 0.30 மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது. இதற்கு ரிங் எப்படிப் பிடிக்கும்? 0.25 ஓவர்சைஸும் (அவ்வளவு பெரிதான பிஸ்டன், ரிங்) போதாது. 0.50 தான். முதலில் பிஸ்டனை வாங்கி லேத் பட்டறையில் கொடுங்கள். கையில் இருக்கும் அந்தப் புதுப் பிஸ்டனை அளந்துதான் போரிங் செய்ய, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கடைசி ஓவர்சைஸும் முடிந்துபோன பிளாக் என்றால் ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் புதுக் குழாய்) இறக்கலாம். தண்ணீர் படும் லைனர் (கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் குழாய்) உள்ள இன்ஜினுக்குப் போரிங்கே வேண்டாம். லைனரையும் பிஸ்டனையும் புதிதாக மாற்றி, அடியில் உள்ள ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

போரிங்குக்குப் பின் சிலிண்டரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் முடிந்ததும் டீசலால் துடைத்துவிட்டு மாட்டுவார்கள். விடாதீர்கள். கல் துகள் டீசலுக்குப் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை துடைத்து, உடனே ஆயில் தடவ வேண்டும்.

எனக்கு உண்மையான சந்தேகம் உங்கள் ஏர் கிளீனர் மேல்தான். உங்கள் பக்கத்துத் தேரி மண் (செம்மணல்) ஆடிக் காற்றில் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். இன்ஜினைப் பூட்டும் முன், ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் சிவப்பு ஒட்டினால், அந்த மண்தான் உள்ளே போய்ச் சிலிண்டரைத் தேய்க்கிறது. ஏர் கிளீனரைச் சரிசெய்து, ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.